பெயரிலேயே வேகம் வைத்தவர்கள்

துணியை விலக்குவதும் ஒரு கலை. அந்தக் கலையில் ஜாகுவார் கம்பெனியை மிஞ்ச ஆளில்லை. 1988 அக்டோபர் 18 அன்று பர்மிங்ஹாம் மோட்டார் கண்காட்சியில் வெள்ளி நிறத்தில் ஒரு காரைத் திறந்து காட்டினார்கள். ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் 6.2 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின். நான்கு சக்கரங்களுக்கும் விசை. மேல்நோக்கி எழும் கதவுகள். தரையோடு படிந்து, முன்னும் பின்னும் நீண்டு, எங்கும் ஒரு முனை துருத்தாத உடல். கூட்டம் அலைமோதியது. தொகை எழுதாத காசோலையை நீட்டியவர்களும் இருந்தார்கள். விற்பனைக்கு வருமா என்று கம்பெனிக்கே தெரியாத ஒரு பொருளுக்கு அப்படிக் காசோலையை நீட்டவைக்கிற திறமை எல்லோருக்கும் வாய்க்காது. ஜாகுவாருக்கு வாய்த்தது.

காருக்குப் பெயர் எக்ஸ்ஜே 220. அந்த 220 என்பது மணிக்கு 220 மைல். நம் கணக்கில் 354 கிலோமீட்டர். பொதுவாகக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வேகத்தைச் சொல்வார்கள். இவர்கள் வேகத்தைப் பெயராகவே வைத்துவிட்டு, காரைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். பையன் எல்கேஜி சேரும் முன்பே வீட்டு வாசலில் டாக்டர் என்று பலகை மாட்டுகிற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையின் அளவை நான் மதிக்கிறேன். பின்னால் அந்தக் கார் பட்ட அத்தனை அவமானமும் இந்தப் பெயரில் தொடங்கியதுதான் என்றாலும், பெயர் வைத்தவர்களின் துணிவு துணிவுதான்.

கம்பெனியின் தாராள குணத்தையும் சொல்ல வேண்டும். ஜாகுவாரின் பொறியியல் தலைவராக இருந்தவர் ஜிம் ராண்டில். 1987 கிறிஸ்துமஸ் விடுமுறையில், வீட்டில் உட்கார்ந்து அட்டையை வெட்டி ஒட்டி, நாலில் ஒரு பங்கு அளவில் ஒரு காரின் மாதிரியைச் செய்தார். அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து, இதைச் செய்து பார்க்க யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒரு டஜன் பேர் முன்வந்தார்கள். சம்பளமில்லை, கூடுதல் நேரக் கூலியும் இல்லை. மாலை நேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் வேலை. அதனால் அந்தக் குழுவுக்குச் சனிக்கிழமை மன்றம் என்றே பெயர் வந்துவிட்டது. உடலை வரைந்தவர் கீத் ஹெல்ஃபெட். நாலு சக்கர இயக்கத்தைக் கவனித்தது டோனி ரோல்ட்டின் எஃப்எஃப் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம். அந்த ரோல்ட், 1953-ல் லெ மான் பந்தயத்தை ஜாகுவாரிலேயே வென்றவர். பாகங்கள் செய்து தந்த வெளி நிறுவனங்களில் பலவும் காசு கேட்கவில்லை. கண்காட்சி திறக்கிற நாளின் விடியற்காலை வரை வேலை நடந்தது.

இத்தனைக்கும் கம்பெனி ஒரு தடையும் சொல்லவில்லை. அவர்களுடைய சனிக்கிழமையை அவர்கள் எப்படிச் செலவழித்தால் என்ன என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டது. கைதட்டல் கேட்ட பிறகு, அந்தச் சனிக்கிழமைகளை எல்லாம் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை இன்னும் பெரிது. ராண்டிலின் மன்றத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். பெரிய நிறுவனங்களில் உருப்படியான காரியங்கள் பலவும் இப்படித்தான், மேலிடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடந்திருக்கின்றன.

அடுத்து, அறுத்தவர்களைப் பாராட்ட வேண்டும். கண்காட்சிக் காரை அப்படியே தெருவுக்குக் கொண்டுவர முடியாது என்பது சீக்கிரமே தெரிந்தது. நீளம் அதிகம், எடை அதிகம், 12 சிலிண்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு புகை விதிகளைத் தாண்டுவது கடினம். வேலை டாம் வாக்கின்ஷாவின் கைக்குப் போனது. அவருடைய டிடபிள்யூஆர் அணிதான் 1988-ல் ஜாகுவாருக்கு லெ மான் வெற்றியை வாங்கிக் கொடுத்திருந்தது. 1990-ல் மறுபடியும் வாங்கிக் கொடுத்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து ஜாகுவார்ஸ்போர்ட் என்று ஒரு கூட்டு நிறுவனம் வைத்திருந்தார்கள். ஃபோர்டு கம்பெனி ஜாகுவாரையே வாங்கிக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

வாக்கின்ஷாவின் ஆட்கள் கத்தியை எடுத்தார்கள். 12 சிலிண்டர் போயிற்று. நாலு சக்கர இயக்கம் போயிற்று. மேல்நோக்கி எழும் கதவு போயிற்று. நீளத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் போயிற்று. பொறியாளனின் கண்ணால் பார்த்தால் இதில் ஒன்றுகூடத் தவறில்லை. ஒவ்வொன்றும் சரியான முடிவு. இவ்வளவையும் கழித்த பிறகு கழிபடாமல் நின்றவை இரண்டு: ஒன்று பெயர், இன்னொன்று விலை. இந்த இரண்டையும் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் அறுக்க எவ்வளவு நிதானமான கை வேண்டும்!

விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1989 டிசம்பர் 20 அன்று காரை உற்பத்தி செய்யப்போவதாக அறிவித்தார்கள். 350-க்கு மேல் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். விலை 2,90,000 பவுண்டு, வரி தனி. வரிசையில் இடம் பிடிக்க அச்சாரம் மட்டும் 50,000 பவுண்டு, அதற்கும் வரி தனி. ஒப்பந்தத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது: விலைவாசி ஏற ஏறக் காரின் விலையும் ஏறும். 1992-ல் கார் கைக்கு வரும்போது அது 4,70,000 பவுண்டை எட்டியிருந்தது. வாங்குகிறவர் அச்சாரத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க, காத்திருந்த காலத்துக்கான செலவையும் அவர் தலையிலேயே எழுதிவைத்த வக்கீலைவிட முன்யோசனை உள்ளவரைக் காண்பது அரிது. ராண்டில் அட்டையில் செய்த காருக்கு நிகரான கைத்திறன் அந்தத் தாளிலும் இருந்தது.

இன்ஜினுக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காரைப் பழித்தவர்கள் எல்லாரும் இங்கேதான் கல்லெறிந்தார்கள்.

12 சிலிண்டருக்குப் பதிலாக வைத்தது 6 சிலிண்டர், 3.5 லிட்டர், இரண்டு டர்போ. இதன் வம்சம் விசித்திரமானது. 1980களின் நடுவில் ஆஸ்டின் ரோவர் நிறுவனம் எம்ஜி மெட்ரோ 6ஆர்4 என்று ஒரு ராலி கார் செய்தது. கடைத்தெருவுக்குப் போய்வருகிற சின்ன மெட்ரோ காரின் சாயலில், பின்பக்கம் பந்தய இன்ஜின் வைத்த முரட்டுக் குட்டி. அதற்காகவே டேவிட் வுட் என்பவர் புதிதாக வரைந்த இன்ஜின் அது. 1986-ல் தொடர்ந்து நடந்த விபத்துகளால் குரூப் பி என்ற அந்தப் பந்தய வகையையே நிறுத்திவிட்டார்கள். கார் அநாதையானது. இன்ஜினின் உரிமையை டிடபிள்யூஆர் வாங்கியது. டர்போ சேர்த்து ஜாகுவாரின் எக்ஸ்ஜேஆர்-10, எக்ஸ்ஜேஆர்-11 பந்தயக் கார்களில் ஓட்டியது. அதன் பிறகே எக்ஸ்ஜே 220-க்குள் வந்தது.

எண்களைப் பாருங்கள். 542 குதிரைத்திறன். 644 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கண்காட்சியில் காட்டிய பன்னிரண்டு சிலிண்டர் தருவதாகச் சொன்னதைவிட இது குறைவில்லை. நீளம் குறைந்த இன்ஜின் என்பதால் காரும் குறுகியது, எடையும் இறங்கியது. அலுமினியத் தேனடைத் தகடுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டம், மொத்த எடை 1,470 கிலோ. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 4 விநாடிக்குள் தொட்டுவிடும். 1991-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வளையத்தை 7 நிமிடம் 46.36 விநாடியில் சுற்றியது. அந்தச் சுற்றை ஓட்டியவர் ஜான் நீல்சன். தெருவில் ஓட்டுவதற்காகச் செய்த ஒரு கார் அதற்கு முன்பு அவ்வளவு வேகமாக அங்கே சுற்றியதில்லை.

ஆனாலும் ரசிகர்கள் ஏற்கவில்லை. மெட்ரோவின் இன்ஜினா என்று முகம் சுளித்தார்கள். அவர்களுடைய செவிக்கூர்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 12 சிலிண்டரின் பட்டுப்போன்ற ஓசைக்கும் இந்த 6 சிலிண்டரின் கரகரப்புக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்தது. காரைத் தொட்டுப் பார்க்காத, ஓட்டிப் பார்க்காத, தூரத்தில் கடந்துபோவதைக்கூடக் கேட்டிராத ஆட்களுக்கும் அந்த வித்தியாசம் தெரிந்தது. அவ்வளவு கூர்மை! டர்போ விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அது உண்மையான குறை. காலை அழுத்தினால் ஒரு மூச்சு தாமதித்துத்தான் முதுகில் உதை விழும். அந்தக் குறையை அவர்களில் பலர் சொல்லவில்லை. சிலிண்டரை மட்டும் எண்ணினார்கள்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால், சிக்கனத்தையும் பாராட்டத் தோன்றும். பின்பக்க விளக்குகள் ரோவர் 200 காரிலிருந்து எடுத்தவை. பக்கக் கண்ணாடிகள் சிட்ரோயன் சிஎக்ஸ் காரிலிருந்து வந்தவை. நாலரை லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியவர், சிக்னலில் தனக்கு முன்னால் நிற்கிற சாதாரண ரோவரின் பின்பக்கத்தில் தன் காரின் விளக்கையே பார்க்கலாம். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால், ஓட்டுகிறவரின் பக்கக் கதவிலேயே நாலு வட்ட மானிகள் வரிசையாகப் பதித்திருக்கும்: கடிகாரம், மின்னழுத்தம், கியர்பெட்டி எண்ணெயின் சூடு, டர்போவின் அழுத்தம். முன்விளக்குகளுக்கு மூடிகள் உண்டு. விளக்குகள் அசையாமல் நிற்க, மூடிகள் கீழே வழுக்கி வழிவிடும். அகலம் கண்ணாடிகளோடு சேர்த்து 2.2 மீட்டர். பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் பிரேக் இல்லை. 345 மில்லிமீட்டர் அகல டயரைப் பின்னால் மாட்டி, உதவிக்கு எதையும் கொடுக்காமல், ஓட்டுகிறவரின் தோளையும் காலையும் அவ்வளவு மதித்த கார் அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை.

அச்சாரம் கொடுத்தவர்களின் மனசைப் புரிந்துகொள்வதிலும் ஜாகுவார்ஸ்போர்ட்டுக்கு ஒரு தனி வழி இருந்தது. 12 சிலிண்டர் போச்சே என்று அவர்கள் வருந்திக்கொண்டிருந்த அதே வேளையில், 1990-ல், அதே நிறுவனம் எக்ஸ்ஜேஆர்-15 என்று இன்னொரு காரைக் கொண்டுவந்தது. லெ மான் வென்ற பந்தயக் காரை அடியொற்றியது, கார்பன் இழை உடல், அதன் நடுவில் 12 சிலிண்டர் இன்ஜின். மொத்தமே ஐம்பது சொச்சம். ஒருவரிடம் 12 சிலிண்டரை எடுத்துவிட்டு, அதே கடையின் அடுத்த மேடையில் 12 சிலிண்டரை வைத்து விலை சொல்வதற்கு வெட்கம் தடையாக இருந்திருந்தால் வியாபாரம் நடந்திருக்காது. அவர்களுக்குத் தடை எதுவும் இல்லை.

பெயருக்குத் தர வேண்டிய கடனை அடைக்கும் நாள் 1992-ல் வந்தது. இத்தாலியின் தென்கோடியில் நார்தோ என்ற இடத்தில் வட்டமான சோதனைத் தடம் ஒன்று இருக்கிறது. சுற்றளவு 12 கிலோமீட்டருக்கு மேல். தடத்தின் சரிவைக் கணக்காக அமைத்திருப்பதால், வெளிவரிசையில் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஸ்டியரிங்கைத் திருப்பாமலே நேர்ச்சாலையில் போவதுபோல் போகலாம். அதற்கு மேல் போனால் டயர்கள் பக்கவாட்டில் இழுபட ஆரம்பிக்கும். அந்த இழுபறியில் கொஞ்சம் வேகம் செலவாகும். ஓட்ட வந்தவர் மார்ட்டின் பிரண்டில், 1990-ல் ஜாகுவாருக்கு லெ மான் வென்று தந்தவர்களில் ஒருவர்.

முதல் கணக்கு: மணிக்கு 212.3 மைல். பிறகு காரின் புகைக்குழாயில் இருந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களைக் கழற்றினார்கள். இன்ஜின் சுழற்சிக்குப் போட்டிருந்த வரம்பையும் உயர்த்தினார்கள். இரண்டாவது கணக்கு: 217.1 மைல். அதாவது 349 கிலோமீட்டர் சொச்சம். விற்பனைக்குச் செய்த கார் ஒன்று அத்தனை வேகம் போனது அப்போது உலகச் சாதனை. வேறெந்தக் காராக இருந்தாலும் அன்று இரவு விருந்து வைத்திருப்பார்கள். இதன் பெயரில் 220 இருந்ததால், உலகச் சாதனை படைத்த அன்றே இது மூன்று மைல் தோற்றது.

அப்போது கம்பெனியின் கணக்கர்களும் பொறியாளர்களும் சேர்ந்து ஒரு விளக்கம் தந்தார்கள். வட்டத்தில் 217 என்றால், நேர்ச்சாலையில் அது 223-க்குச் சமம். விளக்கம் பௌதிகப்படி சரியானதே. டயர் இழுபடுவது உண்மை, வேகம் செலவாவதும் உண்மை. எதையும் மிகைப்படுத்தாத அந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்கிறேன். இத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள், பெயர் வைக்கும்போது மட்டும் அந்த நுணுக்கத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள்.

கழற்றிய கன்வெர்ட்டரை மறந்துவிடாதீர்கள். அது அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. 1993 லெ மான் பந்தயத்தில், ஜிடி பிரிவில், டிடபிள்யூஆர் மூன்று எக்ஸ்ஜே 220சி கார்களை இறக்கியது. இரண்டு பாதியில் நின்றன. மூன்றாவது, ஜான் நீல்சன், டேவிட் பிராபம், டேவிட் குல்தார்ட் மூவரும் மாற்றி மாற்றி ஓட்டிய கார், 24 மணி நேரமும் ஓடி முடித்து மொத்த வரிசையில் 15-வதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. கன்வெர்ட்டர் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லி, பிறகு தகுதிநீக்கம் செய்தார்கள். நார்தோவில் எந்தப் பாகத்தைக் கழற்றியதால் சாதனை கிடைத்ததோ, அதே பாகம் இல்லாததால் லெ மானில் கோப்பை போயிற்று. இரண்டு இடத்திலும் கார் ஒன்றும் செய்யவில்லை. ஸ்பானர் பிடித்தவர்களும் விதி எழுதியவர்களும் தங்கள் தங்கள் வேலையைச் செவ்வனே செய்தார்கள்.

இனி வாடிக்கையாளர்கள். இந்தப் பெருமக்களைப் பற்றி எழுதாமல் இந்தக் காரின் கதை முழுமையாகாது.

1988-ல் என்சோ ஃபெராரி இறந்த பிறகு அவருடைய கார்களின் விலை விண்ணுக்குப் போனது. ஃபெராரி எஃப்40 காரைக் கம்பெனி விலைக்கு வாங்கியவர், சாவியை வாங்கின கையோடு பல மடங்குக்கு விற்றுவிட முடிந்த காலம். அதனால் எக்ஸ்ஜே 220-க்கு அச்சாரம் கட்ட வரிசை நின்றது. 350 காருக்கு அதைப்போல் சில மடங்கு பேர். அவர்களில் எத்தனை பேருக்குக் காரில் உட்காரும் எண்ணம் இருந்தது? வரிசையில் இடம் இருக்கிறது என்பதே விற்கக்கூடிய சரக்கானது. காரை நேசிக்காமலே, ஓட்டாமலே, அதற்காக 50,000 பவுண்டைக் கட்டிவிட்டு இரண்டரை வருஷம் பொறுமையாகக் காத்திருக்க முடிவதென்பது சாதாரணப் பற்றில்லாமை இல்லை, முனிவர்களுக்கே கைவராதது.

1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் மந்தம் வந்தது. பழைய கார்களின் விலையும் அரிய கார்களின் விலையும் மளமளவென்று சரிந்தன. கார் கைக்கு வருகிற நேரத்தில், அதை வாங்கிய விலைக்கு விற்க முடியாது என்பது தெளிவாயிற்று. அன்றைக்குத்தான் அவர்களுக்கு 12 சிலிண்டரின் நினைவு வந்தது. நாலு சக்கர இயக்கம் எங்கே என்று கேட்டார்கள். பர்மிங்ஹாமில் பார்த்த கார் இதுவல்லவே என்று மனம் உடைந்தார்கள். 1989-ல் கையெழுத்துப் போட்டபோது தாளில் 6 சிலிண்டர் என்றுதான் இருந்தது. அன்று உடையாத மனம் சந்தை சரிந்த பிறகு உடைந்தது. பொறியியல் நுணுக்கத்தில் இவ்வளவு தாமதமாக, இவ்வளவு ஆழமாக அக்கறை காட்டிய வாடிக்கையாளர்கள் வேறெந்தக் கம்பெனிக்கும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஜாகுவாரும் அவர்களுக்குச் சளைத்ததில்லை. வேண்டாம் என்கிறவர்கள் ஒரு தொகையைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றது. காரைக் கொடுத்துப் பணம் வாங்குவது எல்லா வியாபாரியும் செய்வது. காரைக் கொடுக்காமலிருக்கவும் பணம் வாங்கலாம் என்று காட்டியவர்கள் இவர்கள். ஒத்துக்கொள்ளாதவர்களோடு வழக்கு நடந்தது. நீதிமன்றம் ஜாகுவாரின் பக்கம் நின்றது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இரண்டு தரப்பிலும் நல்ல வக்கீல்கள், வாதங்களும் கூர்மையானவை. ஓடுவதற்கென்று செய்த ஒரு காரை, ஓட்டுவதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேச அவசியமில்லாத ஓர் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியதில் இருதரப்புக்கும் சரிபங்கு உண்டு.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பான்பரிக்குப் பக்கத்தில் பிளாக்ஸம் என்ற ஊரில் தொழிற்சாலை. 1991-ல் இளவரசி டயானா வந்து திறந்துவைத்தார். தேனடைத் தகடுகளை ஒட்டி, இன்ஜினை இறக்கி, கதவின் மானிகளைப் பொருத்தி, ஒவ்வொரு காராக அங்கே கையால் சேர்த்தார்கள். 1994-ல் வேலை நின்றது. வாக்குக் கொடுத்தது 350-க்கு மேல் போக மாட்டோம் என்று. கட்டியது சுமார் 280. இந்த ஒரு வாக்கை ஜாகுவார் தாராளமாகவே காப்பாற்றிவிட்டது. அந்த 280-லும் சில, வாங்க ஆளில்லாமல் 1997 வரைக்கும் புதுசாகவே கிடந்தன. பட்டறை மட்டும் வீணாகவில்லை. அதே பிளாக்ஸமில் பிறகு ஆஸ்டன் மார்ட்டின் டிபி7 பிறந்தது.

நார்தோ சாதனைக்கு அடுத்த வருஷமே மெக்லாரன் எஃப்1 வந்து, அதே தடத்தில் 231 மைல் ஓடிக் காட்டியது. அதில் 12 சிலிண்டர் இருந்தது. டர்போ இல்லை. பெயரிலும் எண் எதுவும் பெரிதாக இல்லை. எக்ஸ்ஜே 220-ஐவிட விலை அதிகம். ஆனால் என்ன தருவோம் என்று சொன்னார்களோ அதைத் தந்தார்கள். அந்தக் கார் இன்று பெறுகிற மரியாதையையும் எக்ஸ்ஜே 220 பெற்ற ஏளனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் இருந்த 14 மைல் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று எக்ஸ்ஜே 220 வைத்திருப்பவர் ஓட்டவேண்டுமானால், கைநிறையக் காசும் மனம்நிறையப் பிரியமும் வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றவே இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும். எரிபொருள் நிற்பது ரப்பர் பை மாதிரியான தொட்டியில். அதற்கு ஆயுள் உண்டு, மாற்றுவது லேசான வேலையில்லை. பின்பக்க டயர் பல காலம் சந்தையில் கிடைக்கவே இல்லை. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 2016 வாக்கில் இந்தக் காருக்கென்றே மறுபடி டயர் செய்ய முன்வந்த பிறகே பல கார்கள் தயங்காமல் வேகம் பிடித்தன. ஏலத்தில் விலையும் ஏறிவிட்டது. 1992-ல் 6 சிலிண்டர் என்று முகம் திருப்பிய சந்தை இப்போது அதே 6 சிலிண்டரை அரியது, பந்தய வம்சம் என்று கொண்டாடுகிறது. இன்ஜின் ஒரு திருகுகூட மாறவில்லை. தீர்ப்புச் சொல்கிறவர்களுடைய பரந்த மனம் மாறியிருக்கிறது, விலை ஏறியதும்.

ஜாகுவார் 2008-ல் ஃபோர்டிடமிருந்து நம் டாடா மோட்டார்ஸின் கைக்கு வந்தது. முதலாளி மாறினாலும் வீட்டு வழக்கம் மாறக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர்களையும் சொல்லிவிட வேண்டும். 2010 பாரிஸ் கண்காட்சியில் சி-எக்ஸ்75 என்று ஒரு காரின் துணியை விலக்கினார்கள். மின்சார மோட்டார்கள், அவற்றுக்கு மின்சாரம் தர விமான இன்ஜின் வகையைச் சேர்ந்த இரண்டு குட்டி டர்பைன்கள். மறுபடியும் கூட்டம், மறுபடியும் ஆரவாரம். அடுத்த வருஷம் 250 கார் செய்யப்போவதாக அறிவித்தபோது டர்பைன்கள் இல்லை. அந்த இடத்தில் 1.6 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. வில்லியம்ஸ் பந்தய நிறுவனத்தோடு சேர்ந்து மாதிரிகள் செய்து ஓட்டியும் பார்த்தார்கள், நன்றாகவே ஓடின. 2012 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2015-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக ரோம் நகரத் தெருக்களில் சில கார்கள் அந்த உருவத்தில் ஓடின. காசு கொடுத்து வாங்க நினைத்தவர்களுக்கு அந்தக் கார் கடைசிவரை விற்பனைக்கு வரவே இல்லை.